பூவாத்தா சொன்ன சரி

மருதங்குளத்துக் கரையில் குட்டிகள் படிக்கிற பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. அதை நடத்த ஒரு கமிட்டியும் இருந்தது. கமிட்டித் தலைவர் கடமான் வேலப்பர். நல்லவர்தான். ஆனால் கொம்பு அவ்வளவு உயரத்துக்கு வளர்ந்துவிட்டால் கீழே பார்க்க எங்கே முடிகிறது? செயலாளர் நாரையார். ஒற்றைக் காலில் நின்றபடி சட்டம் பேசுவார்.

ஒருநாள் பெற்றோர் கூட்டம் நடந்தது. கமிட்டி பாறைமேல் உட்கார்ந்தது. பெற்றோரெல்லாம் கீழே புல்லில் நின்றார்கள்.

"கரையெல்லாம் ஒரே சேறு! பள்ளிக்கூடத்தை ஓடைக்கு அந்தப் பக்கம், மேட்டுக்கு மாற்றப்போகிறோம். நல்ல காற்று, நல்ல வெளிச்சம்! யாருக்காவது ஆட்சேபணை உண்டா? இல்லை. சந்தோஷம்!" என்றார் நாரையார். நடுவில் மூச்சுக்கூட விடவில்லை.

கூட்டத்தின் ஓரத்தில் சருகுமான் பூவாத்தா நின்றிருந்தாள். சருகுமான் பெயருக்குத்தான் மான். உருவத்தில் முயலைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். நாரையார் சொன்ன மேட்டை அவளுக்கு நன்றாகத் தெரியும். அந்த மேட்டுக்குப் போகிற சின்னக் குட்டிகள் ஓடையோரக் கோரைக்குள் நுழைந்துதான் போகவேண்டும். கோரைக்குள் காட்டுப்பூனை படுத்திருக்கும். வேலப்பர் மாதிரிப் பெரிய மிருகம் நடந்து வந்தால் அது சத்தமில்லாமல் பதுங்கிவிடும். குட்டிகளை விடாது.

வேலப்பர் அவளைப் பார்த்துவிட்டார். "என்னம்மா பூவாத்தா, உனக்குச் சம்மதந்தானே?" என்று அன்பாகத்தான் கேட்டார்.

அதைச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவள் கண் அணில் வீராயிமேல் பட்டது. போன வருஷம் இதே இடத்தில் வீராயி துணிந்து பேசினாள். "பள்ளிக்கூடத்துல குடுக்கற பழத்தையெல்லாம் பெரிய குட்டிகளே தின்னுடுதுங்க! சின்னதுகளுக்கு மிஞ்சறதே இல்லீங்க!" என்றாள். அவ்வளவுதான். மறுநாளே அவள் குட்டியைக் கடைசி வரிசைக்குத் தள்ளிவிட்டார்கள். வாயாடி பெத்த பிள்ளை என்று பெயர் வேறு வைத்தார்கள். பாவம், அந்தக் குட்டி இன்னும் முன்னால் வரவில்லை.

'நான் வாயைத் திறந்தா என் பிள்ளையல்லவா மாட்டும்!' என்று நினைத்தாள் பூவாத்தா.

"சரிங்கய்யா," என்றாள்.

"ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது!" என்று நாரையார் இறக்கையைத் தட்டினார். எல்லாரும் தட்டினார்கள். பூவாத்தாவும் குளம்பால் தரையைத் தட்டினாள்.

புதுப் பள்ளிக்கூடம் திறக்கிற நாள் வந்தது. காலையிலேயே பக்கத்து வளை முயல் பாவாயி தன் குட்டியோடு வந்து நின்றாள். பாவாயி வேறு காட்டிலிருந்து குடிவந்தவள். கோரையைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது.

"பூவாத்தாக்கா! உங்க குட்டி இன்னும் கிளம்பலையா? ரெண்டும் சேர்ந்து போகட்டுமே!"

"அதுக்கு வயித்து வலிம்மா. நாளைக்கு வரும்."

பொய்! குட்டி உள்ளே துள்ளிக்கொண்டிருந்தது. கோரைப் பக்கம் அனுப்பாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், பூவாத்தா கமிட்டியைக் குறை சொன்னாளாம் என்று நாரையார் காதுக்குப் போய்விடுமே! அந்தப் பயத்தில் வாயை மூடிக்கொண்டாள், பாவி.

"சரி, நீ மட்டும் போயிட்டு வா சாமி!" என்று பாவாயி குட்டியின் காதை நக்கி அனுப்பினாள். அது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது.

சாயங்காலம் மற்றக் குட்டிகள் வீடு திரும்பின. அது திரும்பவில்லை. கோரைக்குள் கொஞ்சம் வெள்ளை ரோமம் கிடந்தது. பாவாயி அழுத அழுகை குளத்தின் அக்கரைவரை கேட்டது. பூவாத்தாவுக்கு அன்று தண்ணீர்கூட உள்ளே இறங்கவில்லை.

மறுநாள் கமிட்டி கூடியது. பெற்றோர் குட்டிகளோடு வந்திருந்தார்கள்.

"வருத்தமான சம்பவம்! ஆனால் நம்மேல் தப்பில்லை. எல்லாரையும் கேட்டோம். ஒருவராவது வேண்டாம் என்றீர்களா?" என்றார் நாரையார்.

"ஆமாம், கேட்டோமே!" என்றார் வேலப்பர். "அங்கே காட்டுப்பூனை இருக்குன்னு உங்கள்ல ஒருத்தருக்குமா தெரியாது?"

எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பூவாத்தா முன்னால் வந்தாள்.

"எனக்குத் தெரியுங்கய்யா! தெரிஞ்சேதான் இந்தப் பாழாப்போன வாய் சரின்னு சொல்லுச்சு. என் பிள்ளையை வீட்டுல வச்சுக்கிட்டு பாவாயிகிட்டப் பொய் சொன்னேன். அவ பிள்ளையை நானே கொன்ன மாதிரிதான்!"

பாவாயி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

"தெரிஞ்சும் ஏம்மா சொல்லலை?" என்று கத்தினார் வேலப்பர்.

"சொன்னவ பிள்ளை எங்க உட்கார்ந்திருக்குன்னு பாருங்கய்யா!"

வேலப்பர் திரும்பிப் பார்த்தார். குட்டிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. எல்லாருக்கும் பின்னால், தனியாக, ஓர் அணில் குட்டி இருந்தது.

"இது யார் செஞ்ச வேலை?"

நாரையார் காலை மாற்றிக்கொண்டார். "அது... ஓர் ஒழுங்குக்காக..."

"தினம் பள்ளிக்கூடத்து வழியாத்தானே நானும் போறேன்! இது ஏன் பின்னால இருக்குன்னு ஒரு நாள் கேட்டேனா!" என்றார் வேலப்பர். அவருக்குக் கண் கலங்கியது. வயசான காலோடு தட்டுத்தடுமாறிப் பாறையைவிட்டு இறங்கினார். அணில் குட்டியைக் கொம்பில் ஏற்றி வந்து முன்வரிசையில் உட்காரவைத்தார். வீராயி முன்னால் தலையைத் தாழ்த்தினார். பிறகு பாவாயியிடம் போனார்.

"தாயி, பள்ளிக்கூடம் இன்னைக்கே பழைய இடத்துக்கு வந்துடும். இனிமே எதைச் செய்யறதா இருந்தாலும், உங்க ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் நாங்களே வந்து கேக்கறோம்."

"நல்லதுங்க. எல்லார் வீட்டுக்கும் போய்க் கேளுங்க," என்றாள் பாவாயி. "என் வளைக்கு மட்டும் வராதீங்க. அங்கே இப்போ பள்ளிக்கூடம் போக யாரும் இல்லை."

பேசியவர் பிள்ளையைப் பின்வரிசைக்குத் தள்ளுகிற சபையில் கேட்கிற 'சரி'யைச் சம்மதம் என்று நம்பாதீர்கள்; அந்தப் பயத்துக்கு விலை கொடுப்பது குழந்தைகள்தான்.