தீக்காவல் வேலைக்கு வந்த பயந்தாங்கொள்ளி

வெகு காலத்துக்கு முன்னால் நெடுங்கரை நாட்டை மகுடசேனன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் ஓர் உத்தரவு போடுவார். மத்தியானம் அதே உத்தரவைக் கேட்டு, "இதை எந்த மடையன் போட்டான்?" என்று சீறுவார். அப்படிப்பட்ட ராஜா.

ஒருநாள் அரண்மனைக் குதிரை லாயத்தில் தீப்பிடித்தது. குதிரைகள் தப்பின, கூரை போயிற்று. "உடனே ஒரு தீக்காவல் தலைவர் வேண்டும். குடியிருக்க வீடும் தருவேன்" என்றார் ராஜா. வருகிறவருக்கு என்ன தகுதி வேண்டும் என்று முடிவுசெய்யும் பொறுப்பு கடம்பராயர் என்ற பிரதானியிடம் வந்தது. அவருக்கு வீரபாகு என்று ஓர் அக்காள் மகன். வேலை அவனைத் தவிர வேறு யாருக்கும் போய்விடக் கூடாது. ஆகவே தண்டோராக்காரன் தெருத்தெருவாக இப்படிக் கூவினான்:

"பத்துத் தீயாவது அணைத்திருக்க வேண்டும்! இரண்டு கையிலும் குடம் தூக்கி ஓட வேண்டும்! எதற்கும் அஞ்சாதவராக இருக்க வேண்டும்! தகுதி இல்லாமல் வந்து நிற்பவர் கழுதைமேல் ஊர்வலம் போவார்!"

ஊர்க்கோடியில் இருந்த அன்னச்சத்திரத்தின் அடுப்படியைப் பார்த்துக்கொண்டிருந்தவள் உமையாள். சுவர்கள் விரிசல் விட்டதால் சத்திரத்தை மூடிவிட்டார்கள். அவளும் அம்மாவும் அங்கே தங்கியிருந்த அறையைக் காலி செய்ய வேண்டும்.

"போய்த்தான் பாரேன்டி" என்றாள் அம்மா.

"எப்படியம்மா? நான் ஒரு தீயைக்கூட அணைத்ததில்லை. ஒரு குடம் தூக்கினாலே மூச்சு வாங்குகிறது. அஞ்சாதவர் வேண்டுமாம். எனக்குப் பல்லியைக் கண்டாலே பயம்."

"வீடு தருகிறார்களாம்."

அந்த ஒன்றுக்காகக் கிளம்பினாள். அரண்மனை வாசல்வரை போய்த் திரும்பினாள். மறுபடி போனாள். வாசலில் ஒரு கழுதையை ஏற்கெனவே கட்டிவைத்திருந்தார்கள். அதைப் பார்க்காததுபோல் உள்ளே நுழைந்தாள்.

சபையில் அவளும் வீரபாகுவும் மட்டுமே நின்றார்கள்.

"நீ எத்தனை தீ அணைத்திருக்கிறாய், பெண்ணே?" என்றார் ராஜா.

"ஒ... ஒன்றுகூட இல்லை, மகாராஜா."

சபை சிரித்தது. கடம்பராயர் எழுந்தார். "என் மருமகன் பத்துத் தீயை அணைத்தவன், அரசே! என் களஞ்சியத்தில், மாட்டுக்கொட்டிலில், ஏன், என் படுக்கையறையிலேயே அணைத்திருக்கிறான். கழுதையை அவிழ்க்கச் சொல்லட்டுமா?"

"பொறும். எனக்கு வேடிக்கை பார்க்க வேண்டும். முற்றத்தில் வைக்கோலைக் குவியுங்கள், கொளுத்துவோம். யார் அணைக்கிறாரோ அவருக்கே வேலை. அதற்குள் நான் சாப்பிட்டுவிட்டு வருகிறேன்."

வைக்கோல் குவிந்தது. வீரபாகு கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, கூட்டத்துக்குத் தோளைக் காட்டிக்கொண்டிருந்தான். உமையாள் காற்றைப் பார்த்தாள். அது மடைப்பள்ளிப் பக்கம் அடித்தது. மடைப்பள்ளிக்கு ஓலைக்கூரை.

"ஐயா, தீப்பொறி பறந்தால் அந்தக் கூரை..." என்றாள் காவலனிடம்.

"அது உனக்கெதுக்கு? போய் ஓரமாக நில்."

நின்றாள். நிற்க முடியவில்லை. கிணற்றிலிருந்து அரைக்குடம் தண்ணீர் கொண்டுவந்து வைக்கோலில் ஊற்றினாள். மறுபடி ஓடினாள்.

"தங்கச்சி, இன்னும் தீயே வைக்கவில்லை!" என்றான் வீரபாகு. "பயத்தில் வைக்கோலைக் குளிப்பாட்டுகிறாள் பாருங்கள்!"

எல்லாரும் சிரிப்பது அவளுக்குக் கேட்டது. காது சுட்டது. ஆனாலும் கால் நிற்கவில்லை.

ராஜா வந்தார். பந்தத்தை நீட்டினார்கள். 'உஸ்' என்றது வைக்கோல். இன்னொரு பந்தம். அதுவும் 'உஸ்'. ராஜாவின் கண்ணில் புகை ஏறியதுதான் மிச்சம்.

"யார் செய்த வேலை இது?"

"மோசடி, அரசே!" என்று கத்தினார் கடம்பராயர். "தீயை அணைக்கச் சொன்னால் இவள்..."

"அணைத்துவிட்டேன், ஐயா" என்றாள் உமையாள். "கொஞ்சம் முன்னாலேயே."

பேச ஆரம்பித்துவிட்ட பிறகு நிறுத்தவும் அவளுக்குப் பயமாக இருந்தது.

"கங்கு அணைந்ததா என்று பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது, மகாராஜா. இத்தனை வருஷமும் சத்திரத்தில் தீப்பிடித்ததே இல்லை. அதனால் அணைத்துப் பழக்கம் இல்லாமல் போய்விட்டது. அண்ணன் பத்து அணைத்திருக்கிறார். அத்தனையும் ஒரே வீட்டில் என்கிறார்களே... அப்போது அங்கே காவல் இருந்தது யார்?"

"நானேதான்!" என்றான் வீரபாகு, மார்பை நிமிர்த்திக்கொண்டு.

கடம்பராயர் கண்ணை மூடிக்கொண்டார். ராஜா தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"கடம்பராயரே, இனிமேல் யாருக்கு என்ன தகுதி வேண்டும் என்று நீர் முடிவுசெய்ய வேண்டாம். பெண்ணே, வேலையும் உனக்கு, வீடும் உனக்கு. பயம் தெளிந்ததா?"

"இப்போதுதான் அதிகம், மகாராஜா. அடுப்படி சின்னது. அரண்மனை பெரிது."

"அந்தப் பயம் இருக்கிறவரை வேலை உன்னுடையது."

கூட்டம் கலைந்ததும் கடம்பராயர் மெல்ல அவள் பக்கம் வந்தார். யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டார்.

"அம்மா, என் மருமகன் இனியும் என் வீட்டில்தான் இருப்பான். ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போகிறாயா?"

உமையாள் அதற்குள் நடக்க ஆரம்பித்திருந்தாள். "எந்தத் தெரு, ஐயா?" என்று மட்டும் கேட்டாள்.