சிக்னல் இல்லை

ஆசிரமத்தின் அலுவலக அறையில், மேசைக்கடியில் தலையை விட்டபடி அம்பலவாணன் காலையிலிருந்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கோர்ட்டில் சுருக்கெழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். நீதிபதி தும்மினால் அதையும் எழுதிவிடுவார் என்று பெயர். அவருடைய குரு திலகவதி அம்மா அவரைவிட வயதில் இளையவர். அதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை.

கம்ப்யூட்டர் பழசு. பக்தர் ஒருவர் கொடுத்த மானிட்டர் புதுசு. இரண்டின் துளைகளும் வேறு வேறு. இரண்டு பக்கமும் பொருந்துகிற மாதிரி ஒரு கேபிளைத் தேடிப்பிடித்து வாங்கி வந்திருந்தார். பொருந்தியது. படம்தான் வரவில்லை.

"சிக்னல் இல்லைன்னே சொல்லுதும்மா."

திலகவதி அம்மா குனிந்து பார்த்தார். "கேபிள்ல கோளாறு இல்லை. இந்தப் பக்கம் வர்றதை அப்படியே அந்தப் பக்கம் கொண்டுபோய் விடுது. மானிட்டருக்குத்தான் புரியலை. அது சரி, உங்க முகம் ஏன் வாடியிருக்கு?"

"தேன்மொழி பொங்கலுக்கு வரமாட்டாளாம்."

அவருடைய ஒரே மகள். தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து தாயும் மகளும் பேசுவதில்லை. இவர்தான் தூது. இந்தப் பொங்கலும் போய்விட்டால் இனி அவள் வீட்டு வாசலை மிதிக்கவே மாட்டாள் என்று மனுஷர் பயந்துபோயிருந்தார்.

"அவங்கம்மா என்ன சொன்னாங்க?"

"'வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும், எனக்கொண்ணும் இல்லை'ன்னா. அதை அப்படியே போன்ல சொன்னேன். ஒரு எழுத்துக் கூட்டலை, குறைக்கலை." சொல்லும்போது கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

திலகவதி அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு கேபிளைக் கழற்றினார். அலமாரியிலிருந்து தீப்பெட்டி அளவில் ஒரு கன்வெர்ட்டரை, கம்ப்யூட்டரின் சிக்னலை மானிட்டருக்குப் புரிகிறபடி மாற்றித் தரும் பெட்டியை, எடுத்து நடுவில் மாட்டி, அதற்குத் தனியாகக் கரண்டும் கொடுத்தார். திரையில் படம் வந்தது.

"தொட்டுப் பாருங்க."

"சுடுதேம்மா!"

"மாத்திக் கொடுக்க உழைக்குது, அதான் சுடுது. கேபிள் சுட்டுச்சா?"

"இல்லையே."

"உங்க வீட்டம்மா அப்படிச் சொன்னப்ப என்ன பண்ணிட்டிருந்தாங்க?"

"மொட்டைமாடியில சுண்டைக்காய் வத்தல் காயப்போட்டுட்டிருந்தா. எங்க வீட்டுல தேன்மொழியைத் தவிர யாரும் அதைத் தொடமாட்டோம்."

"அதை மககிட்ட சொன்னீங்களா?"

"அதைச் சொல்லுன்னு அவ சொல்லலையேம்மா."

திலகவதி அம்மா மேசைமேல் இருந்த அவருடைய போனை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"அதைச் சொல்லத்தான் ஐயா, உங்களை நடுவுல வெச்சிருக்காங்க."