கோணலூர் ரவுண்டானா காளை

ஏய், உக்காருங்கப்பா. உக்காருங்கன்னா உக்காரணும், அப்படியே பாதியில தொங்கக் கூடாது. யாரது மூலையில முறுக்கை நொறுக்குறது? வாயில ஊறப்போட்டு சத்தமில்லாம தின்னு. போனையெல்லாம் மடியில போடு. அந்தப் பக்கம் ரெண்டு பேரு என்ன பேச்சு? உங்க வீட்டுச் சங்கதி நாளைக்கும் இருக்கும், எங்கேயும் ஓடிடாது. ம்... இப்பச் சரி.

கோணலூர், கோணலூர்னு ஒரு ஊரு. ஊருக்கு நடுவுல பஸ் ஸ்டாண்டு. அதுக்கு எதுக்க ஒரு ரவுண்டானா. ரவுண்டானாவுக்குள்ள ஒண்ணும் கிடையாது. ஒரு ஆடு மட்டும் மேயும். புல்லு ஏது? போஸ்டரைத்தான்.

அந்த ஊர்ல மாசிலாமணின்னு ஒருத்தர். ஷாமியானா பந்தல் வாடகைக்கு விடறவர். நல்ல மனுஷன், தொப்பை உண்டு, தலையில முடி மட்டும் இல்லை. ஆனா நெஞ்சுக்குள்ள ஒரு முள்ளு. என்னன்னா, அவரு மச்சான் துரைக்கண்ணு பேரு ஊர் பூரா கல்லுல இருக்கு. பஸ் நிழற்குடையில 'திறந்து வைத்தவர் துரைக்கண்ணு'. தண்ணித் தொட்டியில துரைக்கண்ணு. கட்டணக் கழிப்பறையில ஆம்பிளைங்க பக்கம் ஒரு துரைக்கண்ணு, பொம்பிளைங்க பக்கம் ஒரு துரைக்கண்ணு.

மாசிலாமணி பேரு ஒரே ஒரு இடத்துலதான் இருந்துச்சு. பள்ளிக்கூட பெஞ்சுல, சின்ன வயசுல காம்பஸால அவரே கீறினது. அந்த பெஞ்சையும் ஏலத்துல எடுத்து அடுப்புல வெச்சவர் துரைக்கண்ணு.

வீட்டுல அவரு சம்சாரம் வள்ளிமயில் சோத்தைப் போட்டுட்டு எதிரே உக்காந்துக்கும். "இன்னிக்கு எங்கண்ணன் கழிப்பறைக்குப் போயிட்டு வந்தேங்க. என்ன சுத்தம்! என்ன காத்தோட்டம்! உங்க பேருல ஒரு வாளியாச்சும் உண்டா இந்த ஊர்ல?" சோறு எப்படி எறங்கும்?

அப்பத்தான் மேல இருந்து ஒரு சேதி வந்துச்சு. ரவுண்டானாவுல மக்கள் கலைன்னு ஒரு சிலை வைக்கணுமாம், அதுக்கு ஊர்ல ஒரு குழு போடணுமாம். மாசிலாமணி துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு நகராட்சிக்கு ஓடினார். "தலைவரா நான் இருக்கேன். சிலைக்குக் கீழ ஒரு கல்லு, கல்லுல என் பேரு. வேற ஒண்ணும் எனக்கு வேணாம்."

குழுவுல அவரோட சேர்த்து நாலு பேரு. சிங்காரம், பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். வேலை போச்சே தவிர வாய்ப் பழக்கம் போகலை. எங்க கூட்டத்தைப் பாத்தாலும் "பின்னாடி காலியா இருக்கு, பின்னாடி போங்க!"ன்னுவார். கல்யாணப் பந்தியில சொல்லுவார், சாவு வீட்டுலயும் சொல்லியிருக்கார்.

அடுத்தது டெய்சிராணி டீச்சர். டிரில் டீச்சர். கழுத்துல விசில். எதுவா இருந்தாலும் வரிசையா நிக்கணும் அவங்களுக்கு. நாலாவது பூவாயி அக்கா. நகராட்சி வாசல்ல பூ விக்கிறது. நாற்காலி ஒண்ணு மிச்சம் இருக்கேன்னு கூப்புட்டு உக்கார வெச்சாங்க. அது பாட்டுக்கு மடியில பூவைக் கொட்டிக்கிட்டு கட்டிக்கிட்டே இருக்கும். ஒரு வார்த்தை பேசாது.

மாவட்டத்துல இருந்து அமிர்தா மேடம்னு ஒரு அதிகாரி ஜீப்புல வந்தாங்க. அவசரம் அவங்களுக்கு. நின்னுக்கிட்டே சொன்னாங்க.

"நல்லாக் கேட்டுக்குங்க. மக்கள் கிட்ட கருத்துக் கேளுங்க, ஒருத்தர் சொன்னதையும் விடக்கூடாது. செலவுல பாதி நாங்க தர்றோம், மீதிக்கு ஒவ்வொரு வீட்டுல இருந்தும் ஏதாச்சும் வரணும். திறப்பு விழா வரைக்கும் சிலையை யாரும் பாக்கக் கூடாது, அப்பத்தான் ஒரு இது இருக்கும். மார்ச் முடியறதுக்குள்ள வேலை முடியலேன்னா பணம் வந்த வழியே போயிடும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது மேடம்"னாங்க மூணு பேரும். அங்கதான் ஆரம்பிச்சது வெனை.

மறுநாளே கிளம்பிட்டாங்க கருத்துக் கேக்க. டீக்கடையில ஒருத்தர், "காளை மாடு வைங்கப்பா, கம்பீரமா இருக்கும்"னார். காலேஜு பய ஒருத்தன், "ஏரோப்ளேன் வைங்க"ன்னான். குழாயடியில ஒரு அம்மா இடுப்புல கையை வெச்சுக்கிட்டு, "சிலையாம் சிலை! முதல்ல குடத்துக்குத் தண்ணி விடுங்கய்யா"ன்னாங்க. டாஸ்மாக் வாசல்ல ஒருத்தர் படுத்த வாக்குலயே கையை நீட்டி, "போங்கடா"ன்னார்.

சாயங்காலம் கூட்டம் கூடுச்சு. மாசிலாமணி தொண்டையைச் செருமிக்கிட்டார். "ஒருத்தர் சொன்னதையும் விடக் கூடாதுன்னு உத்தரவு. காளைதான் அஸ்திவாரம். அதுல இருந்து ஒண்ணொண்ணா ஏத்துவோம்."

"ஏரோப்ளேனுக்கு ரெக்கை. காளைக்கு ரெக்கை வெச்சுடலாம்"னார் சிங்காரம்.

"குடம்?"

"கொம்புல மாட்டலாம்."

"போங்கடா?"

எல்லாரும் கவலையா கூரையைப் பாத்தாங்க. இதுதான் கஷ்டமான கருத்து. கடைசியில டெய்சிராணி டீச்சருக்குத்தான் தோணுச்சு. "அந்த ஆளு கையை நீட்டித்தானே சொன்னார்? ஒரு கை நீட்டின மாதிரி வெச்சுட்டா போங்கடான்னு தானா அர்த்தம் வந்துரும்."

"காளைக்கு ஏதும்மா கை?"ன்னார் மாசிலாமணி.

"மக்கள் குடுத்த கை சார். வேணாம்னு சொல்ல நாம யாரு?"

அதுவும் ஞாயந்தானே? மாசிலாமணி ஒத்துக்கிட்டார். அதோட நிக்கலை. முடிவெட்டறவர் காளைக்கு கிராப்பு கேட்டார், வெச்சாச்சு. வளையல் கடைக்காரம்மா ஒரு காலுக்குக் கொலுசு கேட்டாங்க, போட்டாச்சு. ஒரு வீட்டுல யாரும் இல்லை, கதவு பூட்டியிருந்துச்சு. அதையும் விட முடியுமா? கழுத்துல ஒரு பூட்டு.

"எல்லாம் முன்னாடியே நெருக்குதே! பின்னாடி காலியா இருக்கு, பின்னாடி போங்க!"ன்னார் சிங்காரம்.

டீச்சர் விசில் அடிச்சாங்க. "பின்னாடி வெச்சா போட்டோவுல விழாது. எல்லாம் முன்னாடி வரிசையா நிக்கட்டும்!" அத்தோட முடிஞ்சுது. முன் பக்கம் திருவிழா, பின் பக்கம் பொட்டல் காடு.

அடுத்தது நிதி. ஒவ்வொரு வீட்டுல இருந்தும் ஏதாச்சும் வரணும். குழு தெருத் தெருவாப் போய், "ஏதாச்சும் குடுங்க"ன்னு கேட்டுச்சு. பணம்னு மேடம் சொல்லலையே, அதனால இவங்களும் சொல்லலை. ஜனங்களுக்கு எவ்வளவு சந்தோஷம்! ஓட்டை வாளி வந்துச்சு. காது போன வாணலி வந்துச்சு. ஒத்தைச் செருப்பு, உடைஞ்ச அம்மி, சைக்கிள் சீட்டு, போகிக்கு எரிக்க வெச்சிருந்த பழைய பாய். துரைக்கண்ணு வீட்டுல இருந்து கழிப்பறைக்கு வாங்கி மிஞ்சின ஒரு கோப்பை வந்துச்சு. மாசிலாமணிக்கு அதைத் தொடக் கையே கூசிச்சு. ஆனாலும் ஒரு வீட்டைக்கூட விடக் கூடாதே. ரவுண்டானாவுல குவிச்சாங்க. ஆடு பயந்து ஓடிருச்சு.

சிலை செய்யக் கோபுரத்து பொம்மை வேலை செய்யற சோலையப்பனைக் கூட்டிட்டு வந்தாங்க. சிமெண்டு, சுதை, எல்லாத்துலயும் கெட்டிக்காரர். மாசிலாமணி தன் கடை ஷாமியானாத் துணியைக் கொண்டாந்து ரவுண்டானாவைச் சுத்தி இண்டு இடுக்கு இல்லாம மறைச்சார். அப்புறம் சோலையப்பன் கண்ணைக் கட்ட ஆரம்பிச்சார்.

"எனக்கு எதுக்குங்க கட்டு?"

"திறக்கற வரைக்கும் யாரும் பாக்கக் கூடாது. நீங்க மனுஷன்தானே?"

"ஆமாங்க."

"ரெண்டு கண்ணும் தெரியுதில்ல?"

"நல்லாவே தெரியுதுங்க."

"அப்ப யாரும்ங்கறதுல நீங்களும் சேர்த்திதான்."

சோலையப்பனும் கோணலூர்க்காரர்தானே. யோசிச்சுப் பாத்தார். ஞாயமாத்தான் பட்டுச்சு. "எதை உள்ள வெச்சு சிமெண்டு பூசறதுங்க?"ன்னு கேட்டார்.

"எதுக்க குவிஞ்சு கெடக்கு பாருங்க, கைக்கு எது ஆம்புடுதோ அதை வெச்சுப் பூசுங்க. எல்லாம் ஊர்க்காரங்க பங்கு."

அப்பத்தான் வண்டியில வந்து எறங்குச்சு கல்லு. கன்னங்கரேல்னு பளபளன்னு ஒரு கல்லு. அதுல தங்க எழுத்துல 'தலைவர் மாசிலாமணி'. பாத்ததும் அவருக்குக் கண்ணு கலங்கிருச்சு. தடவித் தடவிப் பாத்தார். அப்புறந்தான் சுருக்குன்னுச்சு. திறப்பு விழா வரைக்கும் இதையும் யாரும் பாக்கக் கூடாதே! முக்கியமா துரைக்கண்ணு பாத்துட்டா ஏதாச்சும் கண்ணு வெச்சுடுவானே!

தூக்க முடியாம தூக்கிட்டுப் போய் ஷாமியானாவுக்குள்ள, அந்தக் குவியலுக்கு நடுவுல, வாளிக்கும் அம்மிக்கும் இடையில சொருகி வெச்சார். வெளிய வந்து கையைத் தட்டிக்கிட்டார். "இனிமே ஒரு பய பாக்க முடியாது."

ஷாமியானா வாசல்ல பூ கட்டிக்கிட்டிருந்த பூவாயி அக்கா நிமிந்து பாத்துச்சு. வாயைத் தொறந்துச்சு. அப்புறம் அந்தப் பக்கம் நின்ன சிங்காரத்தையும் டீச்சரையும் பாத்துச்சு. வாயை மூடிக்கிச்சு.

மார்ச் நெருங்கிருச்சு. வேலை எந்த மட்டுல இருக்குன்னு குழு பாக்கணுமே. பாக்கக் கூடாது, ஆனா பாக்கணும். அதனால அவங்களும் கண்ணைக் கட்டிக்கிட்டாங்க. டீச்சர் விசில் ஊதிக்கிட்டே முன்னாடி, ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு ரயில் மாதிரி உள்ள போனாங்க. பூவாயி அக்கா மட்டும் வரலை. எச்சில் தொட்டு நாரை முறுக்கிக்கிட்டு வெளியவே உக்காந்துச்சு.

உள்ள தடவிப் பாத்தாங்க. சிங்காரம் உருகிட்டார். "அடடா! நெத்தி என்ன வழவழப்பு! சூடாக் கூட இருக்கே, உசிரு உள்ள மாதிரி!"

"யோவ், கையை எடுய்யா. அது என் வழுக்கை!"ன்னார் மாசிலாமணி.

"வாலு பிரமாதம்"னாங்க டீச்சர்.

"அது என் மீசைங்க"ன்னார் சோலையப்பன்.

மத்தபடி வேலை திருப்தின்னு வெளிய வந்து சொன்னாங்க.

திறப்பு விழா. ஊரே கூடிருச்சு. வள்ளிமயில் பட்டுச் சேலையில முன் வரிசை. பக்கத்துல துரைக்கண்ணு, வெள்ளை வேட்டி, கையில சோடா. மாசிலாமணி சம்சாரத்தைப் பாத்து, இன்னும் கொஞ்ச நேரம், பாருங்கிற மாதிரி தலையை ஆட்டினார். மேடம் கயித்தை இழுத்தாங்க. துணி சரிஞ்சுது.

ஊரே எக்கி எக்கிப் பாத்துச்சு.

காளைதான். கிராப்பு வெச்ச காளை. ஒரு ரெக்கை வானத்தைப் பாக்குது, இன்னொண்ணு பூமியைப் பாக்குது. கொம்புல குடம், கழுத்துல பூட்டு, ஒத்தைக் கால்ல கொலுசு. விலாவுல இருந்து ஒரு கை நீண்டு நேரா மேடத்தைப் பாத்து 'போங்கடா'ங்குது. மூஞ்சி இருக்க வேண்டிய இடத்துல, சுதை பூசி கண்ணு மூக்கு வெச்ச துரைக்கண்ணு வீட்டுக் கோப்பை.

மாசிலாமணி இதெல்லாம் பாக்கவே இல்லை. கீழ பாத்தார். சுத்திச் சுத்தி வந்தார். குவியல் இருந்த இடம் துடைச்சு விட்ட மாதிரி இருக்கு. "சோலையப்பா! என் கல்லு எங்கய்யா?"

கண் கட்டை அவுத்துக்கிட்டே சோலையப்பன் பெருமையா சொன்னார். "வயித்துக்குத் தோதா ஒண்ணும் ஆம்புடாம தடவிக்கிட்டே இருந்தேங்க. சும்மா வழவழன்னு ஒரு பலகைக் கல்லு! எந்த மகராசன் வீட்டுப் பங்கோ தெரியலை. அதை வெச்சுத்தான் வயித்தை எடுத்தேன். இடியே விழுந்தாலும் அசையாதுங்க."

"என் பேரு மாட்டு வயித்துலயா!"ன்னு மாசிலாமணி அப்படியே உக்காந்துட்டார்.

துரைக்கண்ணு சோடாவை ஒரு மடக்கு குடிச்சார். "விடுங்க மாப்ளே. மாடுதானே? அசை போடும்போது மேல வரும்."

டீச்சர் குனிஞ்சு காளையோட காலைப் பாத்தாங்க. "வராது சார். அசை போட மாடு படுக்கணும். நாம நிக்க வெச்சுட்டோம்."

"படுக்கப் போட்டு இன்னொண்ணு செஞ்சுரலாமா?"ன்னார் சிங்காரம்.

மேடம் கையில இருந்த கயித்தைக் கீழ போட்டாங்க. "என்னய்யா கண்றாவி இது!"ன்னாங்க.

சிங்காரம் சட்டுனு திரும்பினார். "சோலையப்பா, சிமெண்டு மிச்சம் இருக்கா? மேடமும் ஒரு கருத்து சொல்லிட்டாங்க. கண்றாவி. எங்க வைக்கலாம்?"

மாசிலாமணி தரையில உக்காந்தபடியே நாலாபக்கமும் பாத்தார். பூவாயி அக்கா தெரிஞ்சுது. கல்லை உள்ள வெச்சப்ப அது வாயைத் தொறந்து மூடினது அப்பத்தான் நெனப்புக்கு வந்துச்சு. அழுகையே வந்துருச்சு மனுஷனுக்கு.

"ஏன் பூவாயி, அன்னைக்கே உனக்குத் தெரியுமில்ல, கல்லு உள்ள போயிரும்னு? ஊர்ல பூட்டின கதவு கூட கருத்து சொல்லுச்சு. நீ வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

பூவாயி அக்கா நாரைப் பல்லால கடிச்சு அறுத்துச்சு. கட்டின சரத்தைச் சுருட்டிக் கூடையில போட்டுச்சு. காளையை முன்னாடி இருந்து ஒரு பார்வை, பின்னாடி போய் ஒரு பார்வை பாத்துச்சு.

"சொல்லியிருப்பேன் சாமி. சொன்னா அதையும் இந்த மாட்டு மேல ஒட்டுவீங்க. முன்னாடி பூரா ரொம்பிருச்சு. பின்னாடிதான் காலியா இருக்கு, அங்க கொண்டு போயா ஒட்டுவீங்க என் பேச்சை?"