தொளதொள ரிமோட்

2019 மார்ச் 3, ஞாயிறு, பிற்பகல் மூன்று மணி. மேசையில் கேம் ஆடுகிற ரிமோட்டுகள் நான்கு. மூன்று நல்லவை. நான்காவது பிலோமி கொரைராவுக்கு.

தூத்துக்குடியில் ஒரு தையல் கடையின் மாடி அது. சுவரோரம் பழைய டப்பா டிவி. அதன் கீழே, அதைவிடப் பழைய கேம் பெட்டி. எந்தக் காலத்திலோ யாரோ கப்பலில் கொண்டுவந்து இறக்கியது. அதில் போட இருக்கிற கேசட் ஒன்றே ஒன்று. நாலு பேர் சேர்ந்து ஆடுகிற ஆட்டம். தாயம் போல உருட்டிக் கட்டம் கட்டமாக நகர வேண்டும். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் நாலு பேருக்கும் ஒரு குட்டிப் போட்டி வரும். கயிறு தாண்டுவது, உருளும் பந்தின் மேல் நிற்பது, ஓடம் வலிப்பது, இப்படி ஏதாவது ஒன்று. ஜெயித்தால் காசு, காசு சேர்ந்தால் நட்சத்திரம். கடைசியில் யாரிடம் நட்சத்திரம் அதிகமோ அவருக்காகத் திரை முழுக்க வாணவேடிக்கை.

மாடியை நடத்துகிறவர் கமாலுதீன். வயது இருபத்தொன்பது. இந்த ஆட்டத்தில் அவரை யாரும் ஜெயித்ததில்லை. இப்போது அவர் ஆடுவதுமில்லை, ஆடுகிறவர்களுக்குச் சொல்லித் தருவதோடு சரி. எல்லோருக்கும் அவர் மாஸ்டர். பிலோமிக்கு வயது நாற்பத்தாறு. ஐஸ் கம்பெனி நடத்துகிறவர். அவரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார். மாஸ்டர் அவரை அக்கா என்பார்.

ஊரில் பிலோமியை அசைக்க ஆளில்லை. மதுரையில் ஆள் இருந்தார். வருஷத்துக்கு ஒருமுறை அங்கே நடக்கிற நான்கு ஊர்ப் போட்டியில், இரண்டு வருஷமாக முதலிடம் பல் டாக்டர் சுதர்சனுக்கு, இரண்டாமிடம் பிலோமிக்கு. போன முறை கோப்பையைத் தூக்கிக்கொண்டு போகிறபோது டாக்டர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

“அக்கா, அடுத்த வருஷமும் வந்துடுங்க. ரெண்டாவது இடத்துல உங்களுக்குத் துண்டு போட்டு வெச்சிருக்கேன்.”

அந்தச் சிரிப்பு பிலோமிக்கு மீன் முள் மாதிரி தொண்டையிலேயே நின்றுவிட்டது. இந்த முறை கோப்பை இல்லாமல் வந்தால் ஆட்டத்தையே விட்டுவிடுவதாக வீட்டில் சொல்லியிருந்தார்.

இதற்கு நடுவில்தான் நான்காவது ரிமோட்டில், பொம்மையை நகர்த்தக் கட்டைவிரலால் தள்ளுகிற குச்சி தேய்ந்தது. பிடித்தால் ஆடும். வலப்பக்கம் தள்ளினால் கொஞ்சம் யோசித்துவிட்டுப் போகும். மாற்றுக் குச்சி எங்கு தேடியும் கிடைக்கவில்லை. மாஸ்டர் ஒரு வழக்கம் வைத்தார். ஊருக்காக மதுரைக்குப் போகிறவர் யாரோ, அவருக்குத்தான் அந்த ரிமோட்.

ஏழு மாதமாக அது பிலோமியின் கையில். நாலு ஆட்டத்தில் ஒன்றை ஜெயிப்பதே பெரும்பாடாகிவிட்டது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற ரொசாரி, மருந்துக்கடை செண்பகராமன், பி.டி. டீச்சர் ஜெபராணி என்று ஆளாளுக்கு அவரை ஜெயித்துவிட்டுப் பாடிக்கொண்டே படி இறங்கினார்கள்.

அன்று ஜெயித்தது ரொசாரி.

“ஏ பிலோமி, ஐஸ் கம்பெனி உருகிட்டே!”

பிலோமி ரிமோட்டை மேசையில் வைத்தார்.

“மாஸ்டர், தவக்காலத்துக்குக் கறிய விடப்போறேன். கூட இதையும் சேத்து விட்டுரட்டுமா?”

மாஸ்டர் சிரித்தார்.

“சிரிக்காதீங்க. மதுரைக்கு இன்னும் நாலு வாரந்தான் இருக்கு. எனக்கு ஒரு நல்ல ரிமோட் தாங்க.”

“போன ரெண்டு வருஷமும் நல்ல ரிமோட்லதானக்கா பழகுனிய?”

ரொசாரி வாயைப் பொத்திக்கொண்டார். பிலோமி அவரை ஒரு முறை முறைத்துவிட்டுத் திரும்பினார்.

“சரி, அது போகட்டும். ஜெயிக்கிறவளுக்கு எதுக்கு ஓட்டை ரிமோட்? அத மட்டும் சொல்லுங்க.”

மாஸ்டர் அந்த ரிமோட்டைக் கையில் எடுத்தார். ஒரு பழைய செய்தித்தாளை விரித்தார். திருப்புளியால் ரிமோட்டைக் கழற்றி, கவிழ்த்துத் தட்டினார். மாவு போல வெள்ளைப் பொடி விழுந்தது.

“என்ன இது?”

“குச்சி தேஞ்ச தூளு. குச்சியச் சுத்திச் சுத்தி ஓடம் வலிச்சு நீங்க ஜெயிச்சதெல்லாம் இந்தா இருக்கு.”

பிலோமி பொடியை விரலால் தொட்டுப் பார்த்தார். தேய்த்தவள்தான் சுமக்க வேண்டும் என்கிறார் போல, என்று எடுத்துக்கொண்டார். நியாயமாகத்தான் பட்டது. கோபம் மட்டும் போகவில்லை.

“மதுரையில தோத்தேன்னா இந்தப் படி ஏற மாட்டேன், மாஸ்டர்.”

“சரிக்கா,” என்றார் மாஸ்டர், திருகாணியை முறுக்கியபடி.

மார்ச் 31. மதுரையில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம். நான்கு ஊருக்கு நான்கு பேர். ஒரே ஆட்டம், இருபது சுற்று. மாஸ்டர் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாடியைப் பூட்ட முடியாது என்றுவிட்டார்.

பிலோமிக்கு அங்கே நல்ல ரிமோட் கிடைத்தது. குச்சி விறைப்பாக நின்றது. அதுவே வினையாகிப் போனது. தொளதொளப்புக்குப் பழகிய கட்டைவிரல் வழக்கம்போல அழுத்தித் தள்ள, திரையில் அவருடைய பொம்மை பந்தைத் தாண்டிப் போய்க் கடலில் விழுந்தது. அடுத்த போட்டியிலும் விழுந்தது. பத்தாவது சுற்று முடிந்தபோது பிலோமி நான்காம் இடத்தில் இருந்தார்.

“என்னக்கா, துண்டை எடுத்து வேற யாருக்காவது போட்டுரட்டுமா?” என்றார் டாக்டர்.

பிலோமி மனதுக்குள் மாஸ்டரைத் தூத்துக்குடித் தமிழில் திட்டித் தீர்த்தார்.

பதினோராவது சுற்றில் கயிறு தாண்டும் போட்டி வந்தது. நெருப்புக் கயிறு சுற்றிச் சுற்றி வரும். கடைசிவரை தாண்டுகிறவருக்கு ஜெயம். இதில் குச்சிக்கு வேலையில்லை, ஒரே ஒரு பொத்தான்தான்.

குச்சியை நம்ப முடியாத ஏழு மாதத்தில் பிலோமிக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. திரையை அரைக்கண்ணால் பார்ப்பார். மீதிக் கண் பக்கத்தில் இருப்பவர்கள் மேல். ரொசாரி அவசரப்பட்டால் நாக்கைக் கடிப்பார். ஜெபராணி டீச்சர் மூச்சை நிறுத்துவார். செண்பகராமனுக்கு ஜெயிக்கப் போகிறோம் என்று தெரிந்தால் முழங்கால் ஆடும்.

அதே பழக்கத்தில் டாக்டரைப் பார்த்தார். டாக்டரின் கண் கயிற்றில் இல்லை. பிலோமியின் விரலில் இருந்தது. பிலோமி அழுத்திய பிறகுதான் டாக்டர் அழுத்தினார்.

அட, இத்தனை வருஷமும் இதுதானா?

இரண்டு பேர் கயிற்றில் மாட்டி வெளியே போனார்கள். பிலோமியும் டாக்டரும் மிச்சம். பிலோமி விரலை உயர்த்தி, அழுத்துவது போல இறக்கினார். அழுத்தவில்லை. டாக்டர் அழுத்திவிட்டார், அவருடைய பொம்மை துள்ளியது. கயிறு இன்னும் வந்து சேரவில்லை. வந்தபோது அந்தப் பொம்மை சரியாக அதன் மேல் இறங்கிக்கொண்டிருந்தது.

கூடம் சிரித்தது. பிலோமி சிரிக்கவில்லை.

அதன் பிறகு டாக்டரால் அந்த விரலைப் பார்க்காமலும் இருக்க முடியவில்லை, பார்த்ததை நம்பவும் முடியவில்லை. பிலோமியின் கட்டைவிரலும் மெல்ல மெல்ல நல்ல குச்சிக்கு இணங்கி வந்தது. இருபதாவது சுற்று முடிகிறபோது பிலோமிக்கு ஐந்து நட்சத்திரம், டாக்டருக்கும் ஐந்து.

ஆனால் சுற்று முடிந்தால் ஆட்டம் முடிந்துவிடாது. குட்டிப் போட்டிகளில் அதிகம் ஜெயித்தவருக்குக் கேசட் கடைசியாக ஒரு நட்சத்திரம் கொடுக்கும். திரையில் மேளம் முழங்கியது. நாலு பொம்மைகளும் வரிசையாக நின்றன. பிலோமி கண்ணை மூடிக்கொண்டார். கூடம் கத்தியதைக் கேட்டுத்தான் திறந்தார். நட்சத்திரம் அவருடைய பொம்மையின் தலைமேல் சுற்றிக்கொண்டிருந்தது.

“மாதாவே!” என்று பிலோமி போட்ட கூச்சலில் சமையல்கட்டிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

வாணவேடிக்கை ஓய்ந்ததும் டாக்டர் கை நீட்டினார்.

“எப்படிக்கா?”

“துண்ட மறக்காம எடுத்துக்கிடுங்க, டாக்டரே. வேர்க்குது பாருங்க.”

டாக்டர் நிஜமாகவே சிரித்துவிட்டார். “எங்கக்கா பழகுனீங்க?”

“தையல் கடை மாடியில. ஒரு ஞாயித்துக்கெழம வாங்க.”

அடுத்த ஞாயிறு பிலோமி ஒரு கையில் கோப்பையும் மறு கையில் மக்ரூன் பெட்டியுமாகப் படி ஏறினார். ரொசாரி பெஞ்சைத் தட்டி மேளம் அடித்தார். ஜெபராணி டீச்சர் விசில் ஊதினார். கோப்பை டிவியின் தலைமேல் ஏறியது. கயிறு தாண்டிய கதையை மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. மூன்று தடவையும் செண்பகராமன் டாக்டராக நடித்து விழுந்து காட்டினார்.

ஆரவாரம் அடங்கியதும் பிலோமி மாஸ்டரின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“இப்பத்தான் புரியுது மாஸ்டர். நல்ல குச்சி இருந்திருந்தா நான் குச்சியவே நம்பி இருந்திருப்பேன். ஆளப் பாத்து ஆடப் பழகட்டும்னுதானே அந்த ஓட்டையக் குடுத்திய?”

மாஸ்டர் மக்ரூனை மென்று முடித்தார்.

“அப்படியெல்லாம் நான் நெனைக்கலக்கா.”

“பின்ன? தேச்சவதான் சுமக்கணும்னா?”

“அதுவும் இல்ல.”

“அப்ப எதுக்குத்தான் குடுத்திய?”

எதிரே மூன்று பேரும் கடைசி மக்ரூனுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் அவர்களைக் காட்டினார்.

“எப்பவும் நீங்களே ஜெயிச்சா, அடுத்த ஞாயிறு இவங்க வர மாட்டாங்கக்கா.”

பிலோமி எழுந்துபோய்த் தொளதொள ரிமோட்டைக் கையில் எடுத்தார்.

2019 ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை, மதுரை பல் டாக்டர் சுதர்சன் தையல் கடை மாடிக்கு வந்தார். நாலு ஆட்டம் ஆடினார். நாலிலும் தோற்றார். அடுத்த ஞாயிறும் வந்தார்.