பூட்டிய வார்ப்புரு

வேலாயுதம் தன் வார்ப்புருவைப் பூட்டி வைத்திருந்தார்.

வட்டாரத்து ஊர்களைப் பற்றி ஆளாளுக்கு எழுதிச் சேர்க்கும் விக்கி என்ற இணையதளத்தில் இருந்தது அது. நூலகத்து மாடியில் நாலு பழைய கணினிகளை வைத்துக்கொண்டு ஆவுடைச்செல்வி அந்தத் தளத்தைத் தொடங்கியிருந்தாள். ஊருக்கு ஒரு பக்கம். ஒவ்வொரு பக்கத்தின் மேலும் ஒரு சின்னப் பெட்டி. பாம்பு கடித்தால் எந்த ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அங்கே இன்றைக்கு மருந்து இருக்கிறதா, இல்லையா என்று அந்தப் பெட்டி சொல்லும். எல்லா ஊருக்கும் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றுதான்; பெட்டியும் ஒன்றுதான். கரிசல் காட்டில் விரியன் அதிகம். அந்தப் பெட்டியைத்தான் ஜனங்கள் முதலில் பார்த்தார்கள்.

பெட்டியைச் செய்தவர் வேலாயுதம். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆவுடைச்செல்விக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் அவளிடம் கற்றுக்கொள்ள வந்த முதல் நாளே 'டீச்சர்' என்று கூப்பிட்டார். அவள் 'அண்ணாச்சி' என்றாள். அப்படியே நிலைத்துவிட்டது.

பெட்டியை ஒரே இடத்தில் எழுதி வைப்பதற்கு வார்ப்புரு என்று பெயர். அந்த இடத்தில் 'உண்டு' என்பதை 'இல்லை' என்று மாற்றினால் அத்தனை ஊர்ப் பக்கங்களிலும் 'இல்லை' என்று வந்துவிடும். இதைப் புரிந்துகொண்ட அன்று வேலாயுதம் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார்.

"அப்போ இதை ஒருத்தன் கெடுத்தா எல்லா ஊரும் கெட்டுப்போகுமே டீச்சர்?"

"ஆமா."

அன்றே பூட்டிவிட்டார். அவரைத் தவிர யாரும் அதைத் திருத்த முடியாது. தெரியாதவன் தொடக்கூடாது என்பது மின்கம்பங்களோடு வாழ்ந்த காலத்தில் அவர் பிழைத்த வழி. தொட்டுவிட்டுச் செத்தவர்களை அவர் பார்த்திருக்கிறார்.

ஆவுடைச்செல்வி அவர் போக்கில் விட்டுவிட்டாள்.

ஐப்பசியில் அவர் மனைவிக்கு மதுரையில் கண் ஆபரேஷன் நடந்தது. செல்போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு வார்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். அன்று காலையில் பக்கத்து ஆஸ்பத்திரியில் பாம்புக்கடி மருந்து தீர்ந்துபோனது. கடைத்தெரு மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கும் முப்பிடாதிக்குக் கடை திறந்ததுமே அது தெரியும். அவள் பெட்டியைத் திறந்து பார்த்தாள். 'உண்டு' என்றிருந்தது. மாற்றப் பார்த்தாள். உங்களுக்கு அனுமதி இல்லை என்றது. வேலாயுதத்துக்குப் போன் செய்தாள். மணி போகவே இல்லை. ஆவுடைச்செல்வி சென்னைக்குப் போகிற ரயிலில் இருந்தாள். அவளும் கிடைக்கவில்லை.

மதியம் களையெடுத்துக்கொண்டிருந்த மாடத்தி என்ற பெண்ணைக் கண்ணாடி விரியன் கடித்தது. அவள் மருமகன் போனில் பக்கத்தைப் பார்த்துவிட்டு, 'உண்டு' என்று சொன்ன ஆஸ்பத்திரிக்கே வண்டியை விட்டான். அங்கிருந்து வேறு ஊருக்கு அனுப்பினார்கள். உயிர் தங்கியது. வலது கால் பாதத்தில் பாதியை எடுக்க வேண்டியதாயிற்று.

வேலாயுதம் ஊர் திரும்பியதும் முப்பிடாதி இடுப்பில் பிள்ளையோடு அவர் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"எனக்குத் தெரியும் அண்ணாச்சி. காலையிலேயே தெரியும். ஒரு வார்த்தைதான் மாத்தணும். முடியலை."

அவள் போன பிறகு கணினியைத் திறந்து பூட்டை எடுத்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு நூலகத்துக்கு நடந்தார்.

ஆவுடைச்செல்வி கணினிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் ஒருத்தன் போதாது டீச்சர். ஆளுங்களைத் தயார் பண்ணணும். திருத்த மட்டும் இல்லை, புதுசா ஒரு வார்ப்புருவைச் செய்யவும் தெரிஞ்சிருக்கணும். நானே சொல்லிக்குடுக்கேன்."

"செய்யுங்க."

"எப்படிச் சொல்லிக்குடுக்கணும்?"

"முதல்ல சொல்லிக்குடுத்துப் பாருங்க," என்றாள்.

மெடிக்கல் ஷாப் முப்பிடாதி வந்தாள். ஆட்டோ ஓட்டும் சாகுல் அமீது வந்தார். இன்னும் சிலர் வந்தார்கள். வேலாயுதம் கரும்பலகையில் இரட்டை நெளி அடைப்புக்குறியைப் பெரிதாக வரைந்தார். இதற்குள் வார்ப்புருவின் பெயரை எழுதினால் அது பக்கத்தில் வந்து உட்காரும் என்றார். மூன்று அடைப்புக்குறி போட்டால் அது காலியிடம், ஒவ்வொரு ஊரும் தன் விவரத்தை அதில் நிரப்பிக்கொள்ளும் என்றார். நன்றாகவே சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். பழகுவதற்கென்று இருக்கும் மணல்தொட்டிப் பக்கத்தில் ஆளுக்கொரு பெட்டி செய்தார்கள். அதுவும் சரியாகவே வந்தது.

ஆனால் நிஜப் பெட்டியை ஒருவரும் தொடவில்லை. மருந்து வந்தாலும் தீர்ந்தாலும் முப்பிடாதி அவருக்குத்தான் போன் செய்தாள். சாகுலும் அவருக்குத்தான் போன் செய்தார். பூட்டை எடுத்த பிறகும் அவரே மாற்றிக்கொண்டிருந்தார்.

கார்த்திகை பிறந்தது. வேலாயுதம் விடவில்லை. இன்னும் தெளிவாகச் சொன்னார். படம் போட்டுக் காட்டினார். தப்பு வந்தால் பக்கத்தில் குனிந்து, "இங்கே பாரு, இப்படி," என்று தானே தட்டிச் சரிசெய்தார். வகுப்பு முடியும்போது எல்லாத் திரையிலும் எல்லாம் சரியாக இருந்தது.

மறுநாள் முப்பிடாதியிடமிருந்து போன் வந்தது. "அண்ணாச்சி, நீங்களே மாத்திடுங்களேன்."

ஆவுடைச்செல்வியிடம் போனார்.

"எல்லாத்தையும் சொல்லிட்டேன் டீச்சர். மண்டையில ஏறியும் இருக்கு. கேட்டா சரியா பதில் சொல்லுதாங்க. கை மட்டும் வர மாட்டேங்குது. என்ன செய்ய?"

"யார் கை?"

அவருக்குக் கேள்வி புரியவில்லை.

"ஞாயித்துக்கிழமை வருதேன்," என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். வேலாயுதம் பாடத்தைத் தொடங்கினார். முப்பிடாதி கையைத் தூக்கினாள்.

"அண்ணாச்சி, பெட்டியில இன்னொரு வரி வேணும். மருந்து இருக்குன்னு மட்டும் போட்டா பத்தாது. எப்போ விசாரிச்சதுன்னும் போடணும். நேத்து விசாரிச்சதா, போன வாரம் விசாரிச்சதான்னு ஜனங்களுக்குத் தெரியணும்லா?"

"நல்ல யோசனை. போட்டுடலாம்," என்று வேலாயுதம் தன் கணினிப் பக்கம் திரும்பினார்.

"அவளே போடட்டும்," என்றது பின்னாலிருந்து குரல்.

"சரி. மணல்தொட்டியில போடச் சொல்லுதேன்."

"நிஜப் பெட்டியில."

முப்பிடாதி, "ஐயோ, நான் மாட்டேன்," என்றாள். அவள் மடியில் பிள்ளை கணினியின் வயரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

ஆவுடைச்செல்வி எழுந்து வந்து பிள்ளையைத் தூக்கினாள். நேராக வேலாயுதத்திடம் போய் அவர் கைகளில் கொடுத்தாள்.

"இவனை வச்சுக்கோங்க. அவ முடிக்கிற வரைக்கும் கீழே விடக்கூடாது. யார்கிட்டயும் குடுக்கவும் கூடாது."

பிள்ளை கொழுகொழுவென்று இருந்தது. ஒரு கையால் தாங்க முடியாது. அவர் இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டார். அது அவர் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கியது.

முப்பிடாதி வார்ப்புருவைத் திறந்தாள். ஒரு வரி சேர்த்தாள். 'விசாரித்த நேரம்', பக்கத்தில் அன்று காலை விசாரித்த மணி. சேமித்தாள். தன் ஊர்ப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள்.

"அம்மா!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

பக்கத்திலிருந்த எழுத்தெல்லாம் அந்தச் சின்னப் பெட்டிக்குள் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தது. ஊர்க் கோயிலும் கண்மாயும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரிப் பெயருக்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்றாக நசுங்கியிருந்தன. சாகுல் தன் ஊர்ப் பக்கத்தைத் திறந்தார். அங்கேயும் அப்படித்தான். எல்லா ஊரும் அப்படித்தான்.

வேலாயுதம் பாய்ந்து வந்தார். கை விசைப்பலகைக்கு நீண்டது. பிள்ளை நழுவியது. சட்டென்று மறுபடி இழுத்து அணைத்துக்கொண்டார்.

"டீச்சர், பிள்ளையை வாங்குங்க!"

"முடியாது."

"எல்லா ஊரும் கெட்டுக் கிடக்கு. யாராவது இப்போ பார்த்தா?"

"ஆஸ்பத்திரிப் பேரு மேலேயே தெரியுது. மருந்தும் தெரியுது. ரொம்பப் போனா பழசை எடுத்துப் போட்டுக்கலாம், யாரு எப்போ என்ன மாத்தினாங்கன்னு வரலாற்றுப் பக்கத்துல இருக்கு. ஆனா அதுக்குள்ள நீங்க அவளுக்குச் சொல்லுங்க. வாயால."

பிள்ளை அழத் தொடங்கியது. வேலாயுதம் அதை ஆட்டிக்கொண்டே திரையைப் பார்த்தார். கண்ணாடி இல்லாமல் எழுத்து மங்கலாக இருந்தது. எந்த வரி தப்பு என்று அவருக்கே தெரியவில்லை. அதனால் கேட்க வேண்டியிருந்தது.

"நீ கடைசியா எதைத் தொட்டே?"

"புது வரி சேர்த்தேன்."

"எங்கே?"

"கடைசியில."

"அந்த இடத்துல முன்னாடி என்ன இருந்துச்சு?"

முப்பிடாதி திரையையே பார்த்தாள். பிள்ளை வீறிட்டது. அவள் திரும்பவில்லை.

"ஒரு குறி இருந்துச்சு," என்றாள் மெதுவாக. "ஒரு கோடு, ஒரு அடைப்பு. என்னமோன்னு அழிச்சுட்டேன்."

"அது எதுக்கு இருந்திருக்கும்?"

"பெட்டி..." என்றவள் நிமிர்ந்தாள். "பெட்டியை மூடுறதுக்கு! மூடாததால கீழ இருக்கறதெல்லாம் உள்ள போயிடுச்சு!"

"அதைப் போடு."

போட்டாள். சேமித்தாள். பக்கத்தைத் திறந்தாள். பெட்டி சின்னதாக, ஒழுங்காக ஓரத்தில் நின்றது. அதன் கடைசி வரியில் 'விசாரித்த நேரம்' என்று இருந்தது. அவள் சேர்த்த வரி.

சாகுல் கைதட்டினார். முப்பிடாதி அழுதாளா சிரித்தாளா என்று சொல்ல முடியவில்லை. எழுந்து வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள். வேலாயுதத்தின் சட்டை தோளிலிருந்து வயிறு வரை நனைந்திருந்தது.

"இதுக்கு மேல எனக்குப் பயம் இல்லை அண்ணாச்சி," என்றாள். "கெட்டுப்போனா எப்படி இருக்கும்னு பார்த்தாச்சு."

அதன்பிறகு வேலாயுதம் வகுப்பில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். எளிதாக இல்லை. சாகுல் அடைப்புக்குறியை மறந்தபோதெல்லாம் அவர் விரல்கள் ஒன்றையொன்று நெரித்தன. ஆனாலும் கேட்டார். "கடைசியா எதைத் தொட்டீங்க?" சில நாள் பதில் வர நெடுநேரம் ஆனது. காத்திருந்தார். ஒருவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். வேலாயுதம் அவர் வீட்டுக்கு நடந்து போய், கூட்டிக்கொண்டு வந்து, மறுபடி கேட்டார்.

சாகுல் ராத்திரி ஆட்டோ கிடைக்கும் ஊர்களுக்கென்று தானே ஒரு வார்ப்புரு செய்தார். பச்சையும் சிவப்புமாகக் கண்ணைக் குத்தியது. வேலாயுதம் பார்த்தார். ஒன்றும் செய்யவில்லை. பத்து நாளில் சாகுலே நிறத்தை மாற்றினார்.

தை மாதம் வேலாயுதம் மனைவியைக் கண் பரிசோதனைக்கு மறுபடி மதுரைக்குக் கூட்டிப் போனார். திரும்பி வந்த அன்று சாயங்காலம் ஒரு பெரியவரும் அவர் மகனும் நூலகத்து மாடிக்கு வந்தார்கள். பெரியவர் ஆடு மேய்ப்பவர். நாலு நாளுக்கு முன் காட்டில் விரியன் கடித்திருந்தது. கால் இன்னும் வீங்கியிருந்தது. ஆனால் நடந்து வந்திருந்தார்.

"எப்பவும் போற ஆஸ்பத்திரிக்குத்தான் கெளம்பினோம்," என்றான் மகன். "போன்ல பார்த்தா 'இல்லை'ன்னு இருக்கு. விசாரிச்சது அன்னிக்குக் காலையிலன்னு போட்டிருக்கு. பக்கத்துலயே வேற ஆஸ்பத்திரி பேரு. அப்படியே வண்டியைத் திருப்பினோம். அதை எழுதின ஆளைப் பார்த்துட்டுப் போகணும்னு அப்பா நிக்காரு."

வேலாயுதம் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்தார். திருத்தியது அவர் இல்லை. முப்பிடாதியும் இல்லை. சாகுலும் இல்லை. தங்கபுஷ்பம் என்று ஒரு பெயர். அவர் கேள்விப்பட்டதே இல்லை.

முப்பிடாதிக்குப் போன் செய்தார்.

"அது எங்க கடைக்குச் சுகர் மாத்திரை வாங்க வர்ற அக்கா," என்றாள் அவள். "நான்தான் சொல்லிக்குடுத்தேன். ரெண்டு தடவை கெடுத்தா. மூணாவது தடவை ஒழுங்கா செஞ்சா. அன்னிக்கு எனக்குக் காய்ச்சல், கடைக்கே போகலை. அவளாவே விசாரிச்சு மாத்தியிருக்கா."

வேலாயுதம் அந்த அக்காவின் வீட்டு அடையாளத்தைக் கேட்டு மகனிடம் சொன்னார். அவர்கள் போனார்கள். ஆவுடைச்செல்வி ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தாள். அவர் கொஞ்ச நேரம் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருன்னே எனக்குத் தெரியாது டீச்சர்."

"ம்."

"ஒரு எழுத்துப்பிழை விட்டிருக்கா. 'காலையில் விசாரித்தது'ன்னு எழுதினதுல ஒரு 'த்' விட்டுப்போச்சு."

"திருத்தப் போறீங்களா?"

அவர் கை மவுஸ் வரை போய் நின்றது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"வேண்டாம். அவளோட பேச்சுப் பக்கத்துல, அவ பார்த்துக்கிற மாதிரி ஒரு வரி எழுதி வைக்கேன்."

எழுதினார். எழுதி முடித்து எழுந்தார். ஆவுடைச்செல்வி சாவியை எடுத்துக்கொண்டாள். இருவரும் படியிறங்கினார்கள். பாதிப் படியில் அவள் கேட்டாள்.

"அண்ணாச்சி, நாளைக்கு மருந்து வந்துட்டா அதை 'உண்டு'ன்னு மாத்தப்போறது யாரு?"

அவர் நின்று யோசித்தார். முப்பிடாதியாக இருக்கலாம். சாகுலாக இருக்கலாம். தங்கபுஷ்பம் யாருக்காவது சொல்லிக்கொடுத்திருந்தால் அந்த ஆளாக இருக்கலாம்.

"தெரியலையே டீச்சர்."

"அது உங்களுக்குத் தெரியாம இருக்கிற வரைக்கும்," என்றாள் அவள், "அந்தப் பெட்டிக்கு ஒண்ணும் ஆகாது."