மேல் வரிசை

ஏழ்கடல் என்னும் இணைய விளையாட்டில் வெண்துறை என்றொரு துறைமுகம் உண்டு. அங்கே வியாபாரம் செய்தவர்கள் எல்லோரும் பிரிஸில்லாவைக் குரு என்றே அழைத்தார்கள். அவளுக்கு வயது இருபத்துநான்கு. நாகர்கோவிலில் ஓர் எக்ஸ்ரே சென்டரில் வேலை.

சீடர் சுயம்புலிங்கத்துக்கு ஐம்பத்தெட்டு. முழங்கால் ஆபரேஷன் முடிந்து தூத்துக்குடி வீட்டில் முடங்கிக் கிடந்தபோது மகன் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்த விளையாட்டு அது. குருவை அவர் நேரில் பார்த்ததில்லை. ஹெட்செட்டில் வரும் குரல்தான் குரு.

சுயம்புலிங்கம் நச்சுமுறி காய்ச்சி விற்றார். பாம்புத்தீவுக்குக் கப்பலேறுகிறவர்களுக்கு அந்த மருந்து இல்லாமல் முடியாது. வெண்துறையில் சந்தைப் பலகை ஒன்று இருந்தது. யார் விலை குறைவோ அவர் சரக்கு அதில் மேல் வரிசைக்கு வரும். வாங்க வருகிறவர்கள் மேல் வரிசையைத் தாண்டிக் கீழே பார்ப்பதில்லை.

சுயம்புலிங்கம் நூறு காசு என்று போட்டார். மீன்கொத்தி என்ற பெயரில் விளையாடும் ஒருவர் தொண்ணூற்றொன்பது போட்டார். இவர் தொண்ணூற்றெட்டு. அவர் தொண்ணூற்றேழு. மதியச் சோறு ஆறிப்போனது. மனைவி வந்து பார்த்தாள். தட்டை மூடி வைத்துவிட்டுப் போனாள்.

அன்று மாலை அவர் குருவிடம் கேட்டார்.

“மேல் வரிசையிலேயே நிக்கணும். அதுக்கு என்ன வழி குரு?”

“எதுக்கு நிக்கணும் அண்ணாச்சி?”

“இந்த மீன்கொத்தி ஒவ்வொரு காசாக் குறைச்சு என்னைக் கீழே தள்ளுதான். அவன் ஒழிஞ்சாத்தான் நான் பொழைக்க முடியும்.”

“ஒழிஞ்ச பிறகு?”

“விலையை ஏத்திருவேன்.”

குருவின் பக்கத்தில் எங்கோ பஸ் ஹாரன் கேட்டது.

“சரி. செஞ்சு பாருங்க,” என்றாள்.

ஏதாவது சூட்சுமம் சொல்லித் தருவாள், இல்லாவிட்டால் திட்டுவாள் என்று அவர் எதிர்பார்த்திருந்தார். இரண்டும் இல்லை. அதையே ஆசியாக எடுத்துக்கொண்டார்.

மறுநாள் நாற்பது என்று போட்டார். மருந்துக்கு வேண்டிய நீலக்கொடி வேரின் விலையே அதற்கு மேல். மீன்கொத்தி முப்பத்தொன்பதுக்கு வந்தார். இவர் முப்பதுக்கு இறங்கினார்.

அப்போது ஒரு செய்தி வந்தது. ‘ஐயா, இந்த விலை உங்களுக்கும் கட்டாது, எனக்கும் கட்டாது. ரெண்டு பேரும் எழுபதுல நின்னுக்குவோமா?’

சுயம்புலிங்கம் அதை இரண்டு தரம் படித்தார். பதில் எழுதவில்லை. விலையை இருபத்தைந்தாக்கினார்.

மாதக்கணக்கில் சேர்த்த காசு கரைந்துகொண்டே வந்தது. கடைசியில் ஒருநாள் காலையில் பலகையைத் திறந்தால் மீன்கொத்தியின் பெயரைக் காணவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை.

“ஜெயிச்சாச்சு குரு,” என்றார். “எழுபதுல நிப்போம்னு கெஞ்சினான். நான் மூச்சே விடல.”

“அப்படியா. இனி ஏத்துங்க.”

நூற்றைம்பது என்று போட்டார். முணுமுணுத்துக்கொண்டே வாங்கினார்கள். மருந்துக் கையிருப்பு தீர்ந்தது. அடுத்த சட்டிக்கு வேர் வாங்கலாம் என்று பலகைக்குப் போனார். வேர் வரிசை காலியாகக் கிடந்தது.

வேர், விறகு மாதிரியான சரக்குக்கு விற்கிறவர் பெயரைப் பலகை காட்டாது. யாரைக் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு மண்வெட்டி வாங்கிக்கொண்டு தானே வேர் விளையும் சதுப்புக்காட்டுக்குப் போனார். மத்தியானம் முழுக்கத் தோண்டியும் ஒரு கைப்பிடிதான் தேறியது. பக்கத்தில் ஒரு பெண் கோரை அறுத்துக்கொண்டிருந்தாள். அவளும் எங்கோ ஒரு வீட்டிலிருந்து விளையாடுகிறவள்தான்.

“இங்கே வழக்கமா யாரும்மா வேர் தோண்டுவாங்க?”

“மீன்கொத்தின்னு ஒருத்தர். தனக்கு மருந்து காய்ச்ச வேண்டியதை எடுத்துக்கிட்டு மிச்சத்தைப் பலகையில போடுவார். மருந்து விலை போகலைன்னு மண்வெட்டியை வித்துட்டுத் தென்துறைக்குப் போயிட்டார்.”

“வேற யாரும் தோண்ட மாட்டாங்களா?”

“இந்தச் சேத்துலயா?” என்று அந்தப் பெண் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை குருவும் சுயம்புலிங்கமும் சேர்ந்து விளையாடும் குழு பாம்புத்தீவுக்குப் புறப்படுவதாக இருந்தது. மஸ்கட்டில் வேலை பார்க்கும் ஜெரால்டுக்கு ஞாயிறு வேலை நாள். இந்தப் பயணத்துக்காகவே லீவு போட்டிருந்தான். எல்லோரும் கப்பலில் ஏறி நின்றார்கள். நச்சுமுறி பாதிப் பேருக்குக்கூடப் போதவில்லை.

கப்பல் கரையிலேயே கிடந்தது. யாரும் சுயம்புலிங்கத்தைக் குறை சொல்லவில்லை.

“பரவால்ல அண்ணாச்சி. நான் போய்த் தூங்குதேன்,” என்றான் ஜெரால்டு. அவன் உருவம் கப்பல் தளத்திலிருந்து மறைந்தது. ஒவ்வொருவராக மறைந்தார்கள். கடைசியில் அவரும் குருவும் மட்டும் இருந்தார்கள்.

“நான் வாங்கின வேரெல்லாம் அவன் தோண்டினது,” என்றார். பிறகு திருத்திக்கொண்டார். “அவர் தோண்டினது. உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?”

“தெரியும்.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே குரு.”

“அவரே சொன்னாரே அண்ணாச்சி, எழுபதுன்னு.”

சுயம்புலிங்கம் ஹெட்செட்டைக் கழற்றினார். முழங்காலைத் தடவிவிட்டுக்கொண்டார். மறுபடி மாட்டியபோது குரு இன்னும் இணைப்பில்தான் இருந்தாள்.

“அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பதில் இல்லை. என்ன செய்யட்டும்?”

“பலகையில விக்கிற பக்கம் இருக்கிற மாதிரி, வேணும்னு கேக்கிற பக்கமும் இருக்கு. இதுவரைக்கும் அதைத் திறந்திருக்கீங்களா?”

“இல்லை.”

“திறங்க.”

நீலக்கொடி வேர் வேண்டும் என்று போட்டார். பழைய விலையைவிடக் கால் பங்கு கூட்டியே போட்டார். கீழே தன் பெயரையும் போட்டார். பிறகு தென்துறைக்குக் கப்பலேறிப் போய், அங்கிருந்த பலகையிலும் அதையே போட்டுவிட்டுத் திரும்பினார்.

தினமும் காலையில் காப்பி குடித்ததும் அவர் பலகையைத் திறந்து பார்த்தார். வேர் வரவில்லை. ஒரு வாரம் போயிற்று. இன்னொன்றும் போயிற்று.

“விலை பத்தலையோ குரு? இன்னும் கொஞ்சம் ஏத்தட்டுமா?”

“வேண்டாம். அப்படியே இருக்கட்டும்.”

“இன்னும் எத்தனை நாளைக்கு?”

“விலையைக் குறைக்கிறதுக்குத்தான் அண்ணாச்சி, ஒரு நிமிஷம் போதும். போனவங்க திரும்பி வர நாளாகும்.”