முகம் மட்டும் பாக்கி

“பென்சில் சரியில்லை, டீச்சர்” என்றாள் கோமதி.

பவுலின் டீச்சர் தலை தூக்கவில்லை. பிள்ளைகள் புத்தகம் ஒன்றுக்கு ஆமை வரைந்துகொண்டிருந்தாள்.

“என்ன செய்யுது?”

“கோடு முரடா விழுது. பச்சப்புள்ள முகம்லா. மெத்துன்னு வரணும்.”

“அப்ப மெத்துன்னு ஒண்ணு வாங்குங்கக்கா.”

கோமதி படி இறங்கிப் போனாள்.

தென்காசி பஜாருக்குப் பின்னால் ஒரு மாடி அறை. அங்கேதான் டீச்சர் படம் சொல்லிக்கொடுத்தாள். முப்பத்தைந்து வயதுக்காரி. கோமதிக்கு அவளைவிட இருபது வயது கூட இருக்கும். மகளைக் கட்டிக்கொடுத்து, மகனை வேலைக்கு அனுப்பி, வீடு வெறிச்சோடிப் போன பிறகு படம் பழக வந்தவள். கோலம் போட்ட கை, பென்சிலுக்கும் வசப்பட்டது. கோயில் யானை வரைந்தாள். கறிவேப்பிலைக் கொத்து வரைந்தாள். பார்த்தவர்கள் பறிக்கக் கை நீட்டினார்கள்.

இந்த ஒரு படம்தான் வரவில்லை.

*

மகள் செண்பகா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். வளைகாப்பு வளையல் கழற்றக்கூட இல்லை. பிள்ளை வயிற்றுக்குள்ளேயே அடங்கிப் போயிற்று. ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள்.

அவள் மயக்கம் தெளிவதற்குள், பெரியவர்கள் பிள்ளையைக் கொண்டுபோய் மண்ணில் வைத்துவிட்டு, தலை முழுகிவிட்டு வந்தார்கள். பெற்றவள் பார்த்தால் தாங்கமாட்டாள் என்றார்கள். போட்டோ எடுக்கவில்லை. அந்த நேரத்தில் யாருக்குத் தோன்றும்.

துண்டில் சுற்றிக் கையில் வாங்கியவள் கோமதி. அந்த முகத்தைப் பார்த்து மனசில் வைத்துக்கொண்டது அவள் ஒருத்திதான்.

தையல் ஆறி எழுந்து உட்கார்ந்த அன்று, செண்பகா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“நீ படம் பழகுதியேம்மா. அவளை எனக்கு வரைஞ்சு தா.”

“வரையுதேன் தாயி” என்று சொல்லிவிட்டாள் கோமதி.

*

“இது மெத்துன்னுதான் இருக்கு டீச்சர். ஆனா தொட்ட இடமெல்லாம் கரி அப்புது.”

“சரி.”

“கலர்ல போட்டா என்ன?”

“போடுங்க.”

“எந்தக் கலர் நல்லது? கட்டியா வருதே, அதா? ட்யூப்பா?”

“கடையில எது இருக்கோ, அது.”

கோமதிக்கு மனத்தாங்கல். ஆமைக்கு மட்டும் மூன்று பச்சை கலந்து பார்க்கிறாள். நமக்கென்றால் கடையில் இருப்பது போதுமாம்.

இருந்தாலும் வாங்கினாள். பிறகு பிரஷ் வந்தது. ஒன்றில் மயிர் கொட்டியது. இன்னொன்று மொத்தமாக இழுத்தது. பிறகு தாள் வந்தது. மெல்லிய தாள் தண்ணீர் பட்டுச் சுருண்டது. தடித்த தாள் வண்ணத்தைக் குடித்துவிட்டு ஒன்றும் தெரியாததுபோல் இருந்தது.

தினமும் காலையில் விளக்கேற்றிவிட்டுத்தான் வரைய உட்காருவாள். சங்கரன்கோவில் அம்மனுக்கும் அவளுக்கும் ஒரே பேர். “எம் பேருகாரி, இன்னைக்காவது கை குடு” என்று கேட்டுக்கொள்வாள். மதியத்துக்குள் தாளைச் சுருட்டிப் பீரோவுக்கு மேலே போட்டுவிடுவாள்.

“கடைக்காரரு கேலி பண்ணுதாரு டீச்சர். ‘யக்கா, எனக்கு எதுத்தாப்புல கடை போடப் போறியளா’ன்னு கேக்காரு.”

டீச்சர் சிரித்தாள்.

“இந்த ரோஸ் பொம்மை மாதிரி இருக்கு. மாத்துதேன்” என்றாள் கோமதி.

“மாத்துங்க.”

*

வீட்டில் செண்பகா கேட்பதில்லை. அதுதான் கோமதிக்குத் தாளவில்லை.

கோமதி சாப்பாட்டுத் தட்டை நீட்டும்போது, செண்பகா அம்மாவின் விரலைப் பார்ப்பாள். விரலில் கரி இருக்கும், வண்ணம் இருக்கும். பார்த்துவிட்டு, குனிந்து சாப்பிடுவாள்.

மாப்பிள்ளை வந்து கூப்பிட்டார். செண்பகா போகவில்லை. “படம் வந்ததும் வாரேன்” என்று மட்டும் சொன்னாள்.

மாப்பிள்ளை மாமியாரைப் பார்த்தார். பஸ் ஏறினார்.

*

அடுத்த முறை கோமதி வந்தபோது கையில் ஒரு டேப் இருந்தது, திரையிலேயே தொட்டு வரைகிற சிலேட்டு மாதிரி. பெங்களூரிலிருந்து மகன் அனுப்பியது. கூடவே ஒரு வெள்ளைப் பேனா.

“இதுல தாளும் வேண்டாம், தண்ணியும் வேண்டாம் டீச்சர். எத்தனை தடவை அழிச்சாலும் தேயாதாம். புருசு மட்டும் நூத்துக்கணக்குல இருக்கு.”

“வரைஞ்சீங்களா?”

“முக்காவாசி.”

டீச்சர் கையை நீட்டினாள். கோமதி கொஞ்சம் தயங்கித்தான் கொடுத்தாள்.

படம் அழகாக இருந்தது. துண்டின் ஓரத்து நூல்கூடத் தெரிந்தது. பிள்ளையின் ஒரு கை வெளியே வந்து, விரல்கள் மொக்குப்போல் மடங்கியிருந்தன. நெற்றியை மறைத்துத் துண்டின் மடிப்பு. அதற்குக் கீழே வெள்ளை.

அந்தப் படத்தில் ஒவ்வொன்றும் தனித்தனி லேயர். கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல. ஒவ்வொன்றுக்கும் கோமதி பேர் எழுதி வைத்திருந்தாள். மகன் போனில் சொல்லிக்கொடுத்திருக்கிறான்.

டீச்சர் ‘துண்டு’ என்பதைத் தொட்டாள். துண்டு மறைந்தது.

‘கை’ என்பதைத் தொட்டாள். கை மறைந்தது.

‘நிழல்’ என்பதைத் தொட்டாள். நிழலும் போயிற்று.

கடைசியில் ஒன்று இருந்தது. ‘முகம்.’

தொட்டாள். ஒன்றும் மறையவில்லை. மறுபடி தொட்டாள். ஒன்றும் வரவில்லை.

டீச்சர் டேப்பை மடியில் வைத்துக்கொண்டாள்.

“முகம் மறந்துபோச்சாக்கா?”

“மறக்குமா டீச்சர். சாமி கும்பிடக் கண்ணை மூடினா அதுதான முன்னால நிக்கு.”

“பிறகு?”

கீழே பஜாரில் யாரோ ஷட்டரை இழுத்துத் திறந்தார்கள். கோமதி வெள்ளைப் பேனாவை விரலுக்குள் உருட்டினாள்.

“வரைஞ்சா அவ பாத்துருவாளே.”

டீச்சர் அவள் பக்கம் திரும்பினாள்.

“உசுரில்லாத முகம் டீச்சர். அதைப் பெத்தவ கையில எப்படிக் குடுப்பேன்? சிரிச்சாப்புல வரையலாம்னா, அது எம் பேத்தி இல்லையே, யாரோ ஒரு புள்ள. ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு வேணும். பாத்தா அவதான்னு தெரியணும், ஆனா நெஞ்சு வெடிக்கக் கூடாது. அதுக்குன்னு ஒரு பென்சிலோ, ஒரு புருசோ, இந்தப் பெட்டிக்குள்ள ஒண்ணோ இருக்கும்லா? நீங்கதான் சொல்ல மாட்டேங்கீங்க.”

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“செண்பகா வீட்டுல இருக்காளா?” என்று கேட்டாள் டீச்சர்.

“வேற எங்க போவா?”

டீச்சர் எழுந்து செருப்பை மாட்டினாள்.

*

செண்பகா உள்ளறையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். யாரோ வந்திருப்பதைப் பார்த்துச் சேலையைச் சரி செய்துகொண்டாள்.

கோமதி பீரோவைத் திறந்தாள். வாங்கியதையெல்லாம் கொண்டுவந்து பாயில் பரப்பினாள். பென்சில்கள், வண்ணங்கள், பிரஷ்கள், தாள்கள். கடைசியாக டேப்பையும் வைத்தாள்.

“இவ்வளவும் இருக்கு டீச்சர். இன்னைக்கு முடிச்சிருதேன். எதை எடுக்கட்டும்?”

டீச்சர் குனிந்து, இரண்டு கையாலும் பென்சில்களை அள்ளினாள். செண்பகாவின் மடியில் போட்டாள்.

“ஒண்ணு எடும்மா.”

செண்பகா திகைத்துப் போனாள். “எனக்கா? எனக்கு வரைய வராது டீச்சர். பள்ளிக்கூடத்துல மாம்பழம் வரைஞ்சேன். சார் சுரைக்காயான்னு கேட்டாரு.”

“எடு.”

கைக்குப் பட்ட ஒன்றை எடுத்தாள். அது என்ன பென்சில் என்று அவள் பார்க்கவில்லை.

டீச்சர் அவள் முன்னால் ஒரு தாளை வைத்தாள். கோமதியின் தோளைத் தொட்டு, மகள் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

“நீங்க சொல்லுங்கக்கா.”

சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள்.

கோமதி வெறும் தாளைப் பார்த்தாள். இத்தனை நாளில் அந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை அந்த வீட்டில் பேசியதில்லை.

செண்பகாதான் கேட்டாள்.

“முடி இருந்துச்சாம்மா?”

“இருந்துச்சு. நெத்தியில ஒட்டிக்கிட்டு.”

தாளில் நாலு கீறல் விழுந்தது.

“மூக்கு?”

“உன் மாமியா மூக்கு. நல்லா எடுப்பா.”

செண்பகாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் உடைந்துபோயிற்று. ஆனாலும் மூக்கைப் போட்டாள். கோணலாக வந்தது.

“கண்ணு?”

“மூடியிருந்துச்சு.”

இரண்டு கோடு.

“வாய்?”

“சின்னதுல நீ பால் வேண்டாம்னு உதட்டை மடிச்சுக்கிடுவ. அது கணக்கா.” கோமதி நிறுத்தினாள். மகளின் முதுகில் கையை வைத்தாள். “நீலம் பூத்திருந்துச்சு தாயி. உதடும் நகமும்.”

செண்பகாவின் தோள் குலுங்கியது. நெடுநேரம் குலுங்கியது. கோமதி கையை எடுக்கவில்லை. செண்பகா பென்சிலைக் கீழே வைக்கவில்லை.

“சூடு இருந்துச்சாம்மா?”

“நான் வாங்குறப்ப இருந்துச்சு. உன் சூடு.”

செண்பகா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“மெதுவாச் சொல்லும்மா” என்றாள். “நான் இப்பத்தான பாக்கேன்.”